சாலுக்கு 18 வயது, நடித்தவருக்கு 39: ‘டாக் டே ஆஃப்டர்நூன்’ குறித்து ஒரு விவாத இழை

வண்ணை வாசகன் (இழையைத் தொடங்கியவர்)

கடந்த ஞாயிற்றுக்கிழமை இரவு, பழைய வண்ணாரப்பேட்டையில் நண்பர் ஒருவரின் வீட்டு மொட்டைமாடியில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி, 1975ஆம் ஆண்டு வெளிவந்த ‘டாக் டே ஆஃப்டர்நூன்’ படத்தைப் பார்த்தோம். படம் முடிந்தபோது மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்ததாலும், கீழ்வீட்டுப் பாட்டி இரண்டு முறை குரல் கொடுத்துவிட்டதாலும், பேச்சைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. விட்ட இடத்திலிருந்து தொடரவே இந்த இழை. அன்று வர இயலாதவர்களுக்காக, உண்மையில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1972 ஆகஸ்ட் 22 பிற்பகலில், நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் இருந்த சேஸ் மன்ஹாட்டன் வங்கிக் கிளையைக் கொள்ளையடிக்க மூவர் கிளம்பினார்கள். ஒருவர் ஆரம்பத்திலேயே கழன்றுகொண்டார். உள்ளே நின்றவர்கள் ஜான் வோய்டோவிச், சால்வடோர் நாட்டுரைல் என்ற இருவர். முன்னவருக்கு வயது 27, பின்னவருக்கு 18. வெளியேறுவதற்குள் காவல்துறை சூழ்ந்துகொண்டதால் வங்கி ஊழியர்கள் பணயக் கைதிகளானார்கள். ஏறத்தாழ 14 மணி நேர இழுபறிக்குப் பின், அதிகாலையில் கென்னடி விமான நிலையத்துக்கு அழைத்துச் செல்லப்பட்ட இடத்தில் எஃப்.பி.ஐ. அதிகாரி ஒருவர் நாட்டுரைலைச் சுட்டுக் கொன்றார். வோய்டோவிச் உயிரோடு பிடிபட்டார். பணயக் கைதிகள் அனைவரும் உயிருடன் மீண்டார்கள். அடுத்த மாதமே ‘லைஃப்’ இதழில் வந்த கட்டுரையை வைத்து ஃபிராங்க் பியர்சன் திரைக்கதை எழுத, சிட்னி லூமெட் இயக்கினார். வோய்டோவிச் ஸன்னி ஆனார். அல் பசினோ நடித்தார். நாட்டுரைல் சால் என்ற பெயரிலேயே நின்றார். ஜான் கசேல் நடித்தார்.

என் பேச்சு கசேலைப் பற்றியது. அவர் 1935இல் பிறந்தவர். படப்பிடிப்பு நடந்த 1974இல் அவருக்கு 39 வயது. உண்மைச் சம்பவத்தில் செத்தவர் 18 வயதுப் பையன். படமாக்கும்போது பெயர்களை மாற்றுவதும் நேரத்தைச் சுருக்குவதும் எல்லோரும் செய்வதுதான், அவற்றைப் பற்றி எனக்கு மனக்குறை இல்லை. ஆனால் இந்த ஒரு மாற்றம் கடைசிக் காட்சியின் பொருளையே மாற்றிவிடுகிறது என்று நினைக்கிறேன். ஒட்டிய கன்னமும் ஏறிய நெற்றியும் கொண்ட, வாழ்ந்து களைத்துப்போன ஒரு மனிதர் சுடப்படும்போது, ‘அவர் எப்படியும் இதை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தார்’ என்று நம் மனம் சமாதானமாகிவிடுகிறது. அதே இருக்கையில், மீசை சரியாக முளைக்காத ஒரு பையன் உட்கார்ந்திருந்தால் அந்தச் சமாதானம் கிடைத்திருக்குமா? நண்பர்கள் தங்கள் கருத்தைச் சொல்ல வேண்டுகிறேன்.

ராயபுரம் எடிட்டர்

அண்ணன் எழுப்பியிருக்கும் கேள்வி நியாயமானதே என்றாலும், அதற்கு அவர் சொல்லும் விடையோடு நான் உடன்படவில்லை. நான் படத்தொகுப்பு அறையில் உதவியாளராக உட்கார்ந்து பிழைப்பவன் என்பதால், அந்தப் பக்கத்திலிருந்து பேசுகிறேன்.

லூமெட்டும் முதலில் உங்களைப் போலத்தான் நினைத்தார். சால் பாத்திரத்துக்குச் சிறுவயதுப் பையன் ஒருவன்தான் வேண்டும் என்றிருந்த அவரிடம், கசேலை ஒருமுறை வாசிக்கவிட்டுப் பாருங்கள் என்று வற்புறுத்தியவர் பசினோ. கசேல் சில வரிகள் வாசித்த உடனேயே இயக்குநர் மனம் மாறிவிட்டார். அவர் அப்படி மாறியதற்குக் காரணம் என்ன என்பது படத்தைப் பார்த்தால் தெரியும். எந்த நாட்டுக்குப் போக விரும்புகிறாய் என்று ஸன்னி கேட்கும்போது சால் ‘வயோமிங்’ என்கிறார். அது அமெரிக்காவுக்குள்ளேயே இருக்கும் ஒரு மாநிலம். கசேல் அந்த இடத்திலேயே தானாகச் சொன்ன சொல் அது, திரைக்கதையில் இல்லை. பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள், சிரித்த அடுத்த நொடியே வருந்துகிறார்கள். வயதில் பொய் இருக்கலாம், ஆனால் அந்த மனிதரின் திகைப்பில் பொய் இல்லை.

இன்னொன்று. இந்தப் படத்தில் தொடக்கத்தில் ஒலிக்கும் எல்டன் ஜான் பாடல் ஒன்றைத் தவிர வேறு பின்னணி இசையே கிடையாது. எங்கே பயப்பட வேண்டும், எங்கே கண்கலங்க வேண்டும் என்று காதில் ஓதுவதற்கு ஒரு வயலின்கூட இல்லை. அந்த வேலை முழுவதையும் நடிகர்களின் முகங்களும் டீடி ஆலனின் படத்தொகுப்புமே சுமக்கின்றன. கதை நடப்பது கொளுத்தும் ஆகஸ்டு மாதத்தில்; படம் எடுத்ததோ குளிர் தொடங்கிவிட்ட காலத்தில். இரவுக் காட்சிகளில் மூச்சுவிட்டால் புகையாகத் தெரியும் என்பதற்காக நடிகர்கள் வாயில் பனிக்கட்டியை அடக்கிக்கொண்டு வியர்வையோடு நடித்தார்கள். அதையும் பொய் என்று யாராவது சொல்வோமா? நம் மொட்டைமாடியில் அன்று வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எல்லோரும் அந்த வெயிலை நம்பினோம் அல்லவா?

ஓய்வுபெற்ற காசாளர், மண்ணடி

தம்பிகள் இருவரும் கொள்ளையர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதால், கவுன்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தவர்களைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல அனுமதிக்க வேண்டும். நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கேஷ் கவுன்டரில் இருந்தவன்.

படத்தில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது ஸன்னியின் தொழிலறிவு. அலாரத்தோடு இணைக்கப்பட்ட நோட்டை எடுக்காமல் ஒதுக்குகிறார். பயணிகள் காசோலைகளைப் பதிந்துவைத்த ஏட்டைக் குப்பைத் தொட்டியில் போட்டுக் கொளுத்துகிறார். வங்கியில் வேலை பார்த்த ஒருவனுக்குத்தான் இதெல்லாம் தெரியும், உண்மையிலும் வோய்டோவிச் முன்பு வங்கியில் வேலை பார்த்தவரே. அந்தப் புகைதான் எதிர்க்கடைக்காரரின் கண்ணில் பட்டு அவர்களுக்கு வினையாகிறது என்பது வேறு விஷயம். பணம் முந்தியே கொண்டுபோகப்பட்டுவிட்டதால் படத்தில் அவர்களுக்குக் கிடைப்பது 1,100 டாலர்தான். உண்மையில் சுமார் 38,000 டாலர் ரொக்கம் அவர்கள் கையில் இருந்தது. இதையும் கவனியுங்கள்: தொகையைக் குறைத்ததால் அவர்கள் பரிதாபத்துக்குரிய கோமாளிகளாகிவிட்டார்கள். வயதைக் கூட்டியதைப் பற்றிப் பேசுகிறவர்கள் தொகையைக் குறைத்ததையும் கணக்கில் எழுத வேண்டும். கேஷ் டாலி ஆக வேண்டும் அல்லவா?

தலைமைக் காசாளராக வரும் அம்மையாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வாசல்வரை வந்து, வெளியே போய்விடக்கூடிய நிலையிலும், தன் கீழ் வேலை பார்க்கும் பெண்கள் உள்ளே இருக்கிறார்கள் என்று திரும்பிப் போகிறார். அதைப் பார்த்துவிட்டு மாடியில் ஒருவர் ‘இதுதான் ஸ்டாக்ஹோம் நோய்’ என்றார், அதாவது பிடித்துவைத்தவர்மேலேயே பிடிபட்டவருக்குப் பற்று வந்துவிடுவதாம். ஸ்டாக்ஹோமில் வங்கிப் பெட்டக அறைக்குள் நான்கு ஊழியர்கள் ஆறு நாள் அடைபட்டுக் கிடந்த சம்பவம் 1973 ஆகஸ்ட் 23 அன்றுதான் தொடங்கியது, அதாவது புரூக்ளின் சம்பவத்துக்கு ஓராண்டும் ஒரு நாளும் கழித்து. அந்தப் பெயரே அதன் பிறகு, நீல்ஸ் பேயரூட் என்ற மனநல மருத்துவர் வழியாக வந்தது. பெயர் கிடைத்துவிட்டது என்பதற்காக எல்லாவற்றின்மேலும் ஒட்டிவிடக் கூடாது. ஸ்டாக்ஹோமில் அடைபட்ட பெண் ஒருவர் தொலைபேசியில் பிரதமர் ஓலோஃப் பால்மேயிடமே, கொள்ளையரைவிடக் காவல்துறையைக் கண்டுதான் பயமாக இருக்கிறது என்று சொன்னார். அதில் நோய் எங்கே இருக்கிறது? உள்ளே துப்பாக்கி இரண்டு, வெளியே நூற்றுக்கணக்கில். காசு எண்ணிப் பழகிய யாரும் போடுகிற கணக்கு அது.

எண்பதுகளில் நான் வேலை பார்த்த கிளையில் ஒருவன் அரிவாளோடு உள்ளே வந்துவிட்டான். பணத்துக்காக அல்ல, கடன் கொடுக்காத மேலாளரைத் தேடி வந்தவன். ஏறத்தாழ இருபது நிமிடம் அவனோடு உள்ளே இருந்தோம். எங்களில் ஒரு பெண் ஊழியர் அவனுக்குத் தண்ணீர் கொடுத்தார். பிற்பாடு மேலிடத்திலிருந்து வந்த விசாரணையில், ஏன் தண்ணீர் கொடுத்தீர்கள் என்று அவரிடமே விளக்கம் கேட்டார்கள். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரம் வருகிறது.

முன்னாள் ஸ்டேஷன் ரைட்டர், புளியந்தோப்பு

காசாளர் ஐயா எழுதியதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். நூற்றுக்கணக்கான துப்பாக்கிகள் வெளியே நின்றதற்கு ஒரு காரணம் உண்டு, அதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

அந்த நாளில் பணயப் பிடிப்பைக் கையாள்வதற்கென்று நியூயார்க் காவல்துறையிடம் தனி அணியோ வகுத்த முறையோ இல்லை. படத்தில் மொரெட்டியாக வரும் அதிகாரி, துப்பாக்கியை இறக்குங்கள் என்று தன் ஆட்களையே பார்த்துக் கத்திக்கொண்டு திரிகிறாரே, அது வேடிக்கைக்காக வைத்தது அல்ல. அன்றைய நிலைமை அதுதான். சரியாகப் பதினான்கு நாள் கழித்து, செப்டம்பர் 5 அன்று மியூனிக் ஒலிம்பிக்கில் இஸ்ரேல் அணியினரைப் பணயமாகப் பிடித்தார்கள். அந்த அணியைச் சேர்ந்த 11 பேரும் மடிந்தார்கள். அதற்குப் பிறகுதான் நியூயார்க் காவல்துறை உட்கார்ந்து யோசித்தது. உளவியலில் முனைவர் பட்டம் பெற்றிருந்த ஹார்வி ஷ்லாஸ்பெர்க் என்ற துப்பறியும் அதிகாரியும் சேர்ந்து வகுத்த முறையின் சாரம், அவசரப்படாதே, பேசு, நேரத்தைக் கடத்து என்பதுதான். நேரம் கடந்தால் பசி வரும், தூக்கம் வரும், கோபம் வடியும். 1973 ஜனவரியில் அதே புரூக்ளினில் விளையாட்டுப் பொருள் கடை ஒன்றில் 47 மணி நேரம் நீடித்த முற்றுகையில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். தொடக்கத் துப்பாக்கிச் சண்டையில் ஒரு காவலர் இறந்துபோயிருந்தும், பழிவாங்கும் வேகத்தில் உள்ளே பாயாமல் காத்திருந்தார்கள். பணயக் கைதிகள் கூரை வழியாகத் தப்பினார்கள், உள்ளே இருந்தவர்கள் சரணடைந்தார்கள்.

நேரத்தின் அருமை நமக்கும் தெரியாதது அல்ல. 2000 ஜூலை 30 அன்று கன்னட நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்திச் சென்றபோது, 108 நாள் இரண்டு மாநில அரசுகளும் தூது அனுப்பிக்கொண்டே இருந்ததைப் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். பலவீனம் என்று அன்று திட்டியவர்கள் உண்டு. ஆள் உயிரோடு வீட்டுக்குத் திரும்பினார்.

வாசகன் தம்பி கேட்ட வயதுக் கேள்விக்கு வருகிறேன். விமான நிலையத்துக்குப் போகும் வண்டியில் பின்னால் உட்கார்ந்து துப்பாக்கி பிடித்திருப்பவனுக்கு 18 வயதா 39 வயதா என்பது, முன்னால் வண்டி ஓட்டுகிறவருக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. குண்டுக்கு வயது தெரியாது. அந்த ஓட்டுநர் அதிகாரி, மேடு பள்ளத்தில் தவறி வெடித்துவிடக் கூடாது, துப்பாக்கியை மேலே நோக்கிப் பிடி என்று சாலிடம் சொல்கிறார். சாலும் கேட்டுக்கொள்கிறார், பிறகு அந்த அதிகாரியின் கையாலேயே சாகிறார். கடமையாகப் பார்த்தால் கச்சிதமான வேலை. இருந்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: சொன்னவுடன் கேட்டுக்கொண்டதைத் திரையில் பார்த்தபோது எனக்கு 18 என்றுதான் தோன்றியது.

வியாசர்பாடி பயிற்சியாளர்

ரைட்டர் ஐயா கடைசி வரியில் சொன்னதைப் பிடித்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன். நான் மாலை நேரங்களில் பையன்களுக்குக் கால்பந்து பழக்குகிறேன். பதினேழு, பதினெட்டு வயதில் இருக்கும் பையன் எப்படி இருப்பான் என்பது எனக்குத் தெரியும். ஒரு நிமிடம் மைதானத்தையே எரித்துவிடுவதுபோல நிற்பான், அடுத்த நிமிடம் பெரியவர் யாராவது அதட்டினால் தலையைக் குனிந்துகொண்டு சொன்னதைச் செய்வான். துப்பாக்கியை மேலே பிடி என்றால் பிடிப்பான்.

இதை நான் வெறும் அமெரிக்கப் படத்தின் குறையாகப் பார்க்கவில்லை. நம் பகுதியை வைத்து எடுக்கப்படும் படங்களை நினைத்துப் பாருங்கள். பெயர் சொல்லப் போவதில்லை, எல்லோருக்கும் தெரியும். காசிமேட்டிலோ வியாசர்பாடியிலோ கத்தி எடுக்கும் பையனாக யார் நடிக்கிறார்கள்? முப்பதைத் தாண்டிய, தாடி அடர்ந்த, உடற்பயிற்சிக் கூடத்தில் தோளை வளர்த்த நடிகர்கள். நிஜத்தில் வழக்கு வாங்கிக்கொண்டு நிற்பவர்களில் பலர் பள்ளிக்கூடத்தை விட்டு ஓரிரு ஆண்டுகூட ஆகாதவர்கள். திரையில் தெரியும் அந்தத் தாடிக்காரர் வெட்டுப்பட்டுச் சாகும்போது கொட்டகையில் விசில் அடிக்கிறார்கள். மெலிந்த முழங்கையோடு ஒரு பையன் அப்படிச் செத்தால் யாரும் விசில் அடிக்க மாட்டார்கள் என்பது படம் எடுப்பவர்களுக்கும் தெரியும். செய்தித்தாளிலும் இதே கதைதான். தேர்வில் முதலிடம் வாங்கினால் பதினெட்டு வயதுக்காரன் ‘மாணவன்’, பேசின் பாலத்துக்கு வடக்கே வழக்கில் சிக்கினால் ‘வாலிபர்’, இரண்டாவது வழக்கில் ‘ரவுடி’. வயதைக் கூட்டுவது ஒப்பனையாளரின் வேலை மட்டும் அல்ல என்று சொல்ல வருகிறேன்.

எடிட்டர் தம்பி பனிக்கட்டியைச் சொன்னார். பனிக்கட்டியை வாயில் அடக்கியது உண்மையில் இருந்த வெயிலைத் திரையில் கொண்டுவருவதற்காக. கசேலைப் போட்டதால் உண்மையில் இருந்த பையன் திரையிலிருந்து போய்விட்டான். இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது, தம்பி.

பெரம்பூர் தமிழரசி

அன்று நானும் மாடியில் இருந்தேன். ஆண்கள் அனைவரும் சாலுக்காக உருகிக்கொண்டிருப்பதால், ஸன்னியின் துணையான லியோனைப் பற்றி யாரும் பேசாததை முதலில் சுட்டிக்காட்டுகிறேன். ஸன்னி கொள்ளையடிக்க வந்ததே லியோனின் பால்மாற்று அறுவைச் சிகிச்சைக்குப் பணம் சேர்க்கத்தான். நிஜத்தில் அவர் எலிசபெத் ஈடன் என்ற திருநங்கை. 1975இல், அதுவும் பெரிய நிறுவனம் ஒன்றின் படத்தில், ஸன்னியும் லியோனும் பேசும் தொலைபேசி உரையாடலைக் கேலிக்கு இடமின்றி அத்தனை நீளமாக வைத்தார்களே என்பது இப்போதும் எனக்கு வியப்பாக இருக்கிறது. ரயிலில் திருநங்கையர் ஏறினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஊர்க்காரர்களாகிய நாம், அந்த இருவரும் பேசி முடிக்கும்வரை ஒரு இருமல்கூட இல்லாமல் கேட்டோம்.

இப்போது சாலுக்கு வருகிறேன். உண்மைச் சம்பவத்தைப் படமாக்குகிறவர்கள் உயிரோடு இருப்பவர்களிடம் ஏதோ ஒரு விதத்தில் கணக்குத் தீர்த்தாக வேண்டும். வோய்டோவிச்சுக்குக் கதை உரிமைக்காக 7,500 டாலரும் நிகர லாபத்தில் நூற்றுக்கு ஒன்றும் பேசப்பட்டது. 20 ஆண்டுத் தண்டனை பெற்றுச் சிறையில் இருந்த அவர் (பின்னர் ஐந்தாண்டில் வெளியே வந்தார்) அந்தப் பணத்தில் 2,500 டாலரை ஈடனின் சிகிச்சைக்குக் கொடுத்தார். எந்தக் கொள்ளையால் கிடைக்காத பணமோ, அந்தக் கொள்ளையைப் பற்றிய படத்தால் கிடைத்தது. படம் வந்த பிறகு சிறையிலிருந்தே ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழுக்குக் கடிதம் எழுதி, படத்தில் 30 விழுக்காடுதான் உண்மை என்றார். தன் மனைவியைக் காட்டிய விதம் தவறு என்றார். சாலைக் காட்டிக்கொடுக்கத் தான் அதிகாரிகளோடு பேரம் பேசியதுபோலத் தோன்றும்படி வைத்தது பச்சைப் பொய் என்று மறுத்தார். பசினோவின் நடிப்பைப் பாராட்டவும் மறக்கவில்லை.

இதில் சாலின் இடம் எது? கையெழுத்துப் போடவும், பணம் வாங்கவும், கடிதம் எழுதி மறுக்கவும் அவர் உயிரோடு இல்லை. எல்லோருக்கும் பெயர் மாற்றிய திரைக்கதை, அவருடைய சுருக்கப் பெயரை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டது. வயதை மட்டும் மாற்றியது. யாரும் கேள்வி கேட்க வராத இடத்தில்தான் கை தாராளமாகப் போகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

வழக்கறிஞர், ஜார்ஜ் டவுன்

தமிழரசி அம்மா சொன்னதற்கு ஒரு சிறு சட்டக் குறிப்பு மட்டும். இறந்தவரை அவதூறு செய்ய முடியாது என்ற பேச்சு பரவலாக இருக்கிறது. நம் நாட்டில் அது முழுமையாகச் சரியல்ல. பழைய தண்டனைச் சட்டத்தின் 499ஆம் பிரிவும், இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவும், இறந்தவர் உயிரோடு இருந்திருந்தால் அவர் பெயருக்குக் களங்கம் ஆகியிருக்கக்கூடியதைச் சொல்லி, அதன் மூலம் அவருடைய குடும்பத்தார் மனத்தைப் புண்படுத்த நினைத்தால் அவதூறாகலாம் என்கின்றன. ஆனால் ஒருவரின் வயதைக் கூட்டிக் காட்டியதற்காக எந்த நீதிமன்றத்திலும் மனு நிற்காது. சட்டம் பெயரைக் காக்கும்; முகத்தைக் காக்காது.

ராயபுரம் எடிட்டர்

பயிற்சியாளர் அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு, கடைசி இருபது நிமிடத்தை நேற்று இரவு மறுபடியும் போட்டுப் பார்த்தேன். என் நிலையை முழுவதும் விட்டுவிடவில்லை. ஆனால் சிலவற்றைத் திருத்திக்கொள்கிறேன்.

விமான நிலையத்துக்குப் போகும் வண்டியில், பணயமாக இருக்கும் பெண்களில் ஒருவர் தன் ஜெபமாலையைச் சாலிடம் கொடுக்கிறார், அவருக்கு அதுதான் முதல் விமானப் பயணம் என்பதால். முன்பு ஒரு காட்சியில், சிகரெட் பிடிக்கப்போகும் ஊழியரிடம் உடம்பு ஆண்டவரின் ஆலயம் என்று சால் சொல்கிறார். தொலைக்காட்சி தன்னைத் தவறாகச் சொல்லிவிட்டது என்று சின்னப் பிள்ளைபோல மனம் நோகிறார். இவை எல்லாம் 18 வயதுக்கு எழுதப்பட்ட வரிகள். 39 வயது முகம் அவற்றைச் சொல்லும்போது, மூளை வளர்ச்சியில் ஏதோ குறை உள்ளவர் என்ற எண்ணம் பார்ப்பவருக்கு வருகிறது. மாடியில் ஒருவர் அப்படிச் சொன்னதும் நினைவிருக்கிறது. பையனாக இருந்திருந்தால் அவை சாதாரணமான பேச்சுகள்.

இருந்தாலும் கசேலை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. ஐந்தே முழுநீளப் படங்களில் நடித்துவிட்டு 1978இல் 42 வயதில் போய்ச் சேர்ந்த மனிதர் அவர். ஐந்தும் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்றவை. இந்தப் படத்துக்கு ஆறு பரிந்துரைகள் கிடைத்தன. கிடைத்த ஒரே விருது பியர்சனின் திரைக்கதைக்கு. பசினோவும், லியோனாக நடித்த கிறிஸ் சாரண்டனும் நடிப்புக்கான பட்டியலில் இருந்தார்கள். கசேல் அதிலும் இல்லை.

ஓய்வுபெற்ற காசாளர், மண்ணடி

எடிட்டர் தம்பி, விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. நல்ல நடிகர் தவறான இடத்தில் உட்காரவைக்கப்பட்டிருக்கிறார் என்று இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதலாம். வரவும் செலவும் அப்படித்தான் எழுதுகிறோம்.

வண்ணை வாசகன்

ரைட்டர் ஐயாவின் கருத்தில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். குண்டுக்கு வயது தெரியாது என்பது உண்மையே, ஆனால் கூட்டத்துக்குத் தெரியும். 1971 செப்டம்பரில் அட்டிகா சிறைக் கலகத்தில் கைதிகளும் ஊழியர்களுமாக 43 பேர் செத்தார்கள். அடுத்த ஆண்டே நடக்கும் கதையில் ஸன்னி வங்கி வாசலில் நின்று ‘அட்டிகா, அட்டிகா’ என்று கத்தியவுடன், வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் அவர் பக்கம் சாய்கிறது. உதவி இயக்குநர் காதில் போட்டுவிட, பசினோ அந்த இடத்திலேயே கத்திய சொல் அது. வெளியே வந்து கத்துவதும், கைதட்டு வாங்குவதும், பீட்சாவுக்குக் காசு எறிவதும் ஸன்னிதான். உள்ளே ஜன்னலோரம் நின்ற சாலைக் கூட்டம் பார்க்கவே இல்லை. பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் உள்ளே இருக்கிறான் என்று அந்தத் தெருவுக்குத் தெரிந்திருந்தால் கூச்சல் வேறு மாதிரி இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். நிரூபிக்க இயலாது, நினைக்கிறேன், அவ்வளவுதான்.

முன்னாள் ஸ்டேஷன் ரைட்டர், புளியந்தோப்பு

கூட்டத்தை நம்பாதீர்கள், தம்பி. காலையில் கைதட்டிய கூட்டம் மாலையில் கல் எறிவதை இந்தக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

வியாசர்பாடி பயிற்சியாளர்

எடிட்டர் தம்பி கடைசி இருபது நிமிடத்தைப் பார்த்ததாக எழுதியதால், நானும் கடைசி ஐந்து நிமிடத்தைக் கைபேசியில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். மாடியில் நாம் எழுந்து பாய் சுருட்டத் தொடங்கிவிட்டதால் கவனிக்காத ஒன்று இருக்கிறது. விமானங்களின் இரைச்சலுக்கு நடுவே படம் முடியும்போது திரையில் எழுத்துகள் வருகின்றன. ஸன்னி 20 ஆண்டுச் சிறைத்தண்டனை அனுபவித்துக்கொண்டிருக்கிறார் என்று ஒன்று. அவருடைய மனைவி பிள்ளைகளோடு அரசு உதவித்தொகையில் வாழ்கிறார் என்று ஒன்று. லியோன் இப்போது பெண்ணாக நியூயார்க்கில் வாழ்கிறார் என்று ஒன்று. சாலைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அவருடைய உடலைத்தான் சற்று முன்பு தள்ளுவண்டியில் வைத்து ஸன்னியின் கண்ணெதிரே கொண்டுபோனார்களே, பிறகு என்ன எழுதுவது என்று நினைத்திருக்கலாம். வயதையாவது எழுதியிருக்கலாம்.

நேற்று பயிற்சி முடிந்த பிறகு பையன்கள் நான்கைந்து பேருக்கு அந்த வண்டிக் காட்சியை மட்டும் காட்டினேன். கதை எதுவும் சொல்லவில்லை. பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன வயது இருக்கும் என்று கேட்டேன். ஒருவன் நாற்பது என்றான், ஒருவன் முப்பத்தைந்து என்றான், கோல்கீப்பர் மட்டும் ‘எங்கள் மாமா வயது’ என்றான். நிஜத்தில் அவருக்கு உங்கள் வயதுதான், பதினெட்டு என்று சொன்னேன். கைபேசியை வாங்கி முகத்துக்குப் பக்கத்தில் வைத்து மறுபடியும் பார்த்துவிட்டு அவன் கேட்டான்: “அப்ப அந்தப் பையன் எங்கண்ணா?”